மாமியார் ஊர் எங்க்ஹாய்சன்: முதல் நாள் எங்கிருந்து நடப்பது

கட்டிக்கொண்டவர் டச்சுக்காரர், அவருடைய ஊர் எங்க்ஹாய்சன் என்றால், ராமநாதபுரம் கரையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்த ஊர் ரயில் நிலையமே பழைய தனுஷ்கோடி மாதிரி. தண்டவாளம் தண்ணீர் ஓரத்தில் முடிகிறது. 1885இல் ரயில் வந்தது, மறு ஆண்டிலிருந்து எதிர்க்கரை ஸ்டாவரனுக்கு நீராவிப் படகு. ரயிலை விட்டு இறங்கிப் படகில் ஏறி, அக்கரையில் மறுபடி ரயில். 1914 முதல் 1964 வரை தலைமன்னாருக்கு நம் போட் மெயில் ஓடியதும் இதே கணக்குத்தான். வெயில் காலத்தில் அந்தப் படகு இன்றும் ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள்.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலிலிருந்து நேர் ரயில், ஏறத்தாழ ஒரு மணி நேரம். டிக்கெட் எடுக்கத் தேவையில்லை, வங்கி அட்டையை வாசலில் தட்டினால் போதும். தப்பு நடப்பது இறங்கும்போதுதான். ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு, இறங்கும்போது போனில் தட்டினால், அட்டை ஒன்றாக இருந்தாலும் கருவி அதை வேறு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதல் பயணம் முடியாமலே கிடக்கும், பணமும் கூடப் பிடிக்கும். எதைத் தட்டி ஏறினீர்களோ அதையே தட்டி இறங்குங்கள். இருவர் போனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும்.

கையில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும். பொதுக் கழிப்பறை பல இடங்களில் காசுக்குத்தான். நாம் சொல்லும் கக்கூசு டச்சுக்காரன் கொடுத்த சொல், அதற்குக் கொடுக்கும் துட்டும் அவன் சொல்தான். ‘டவுட்’ என்ற செப்புக் காசு, எட்டு சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். 1726 முதல் அதில் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை விழுந்தது. அப்படிக் காசு அடித்த நாணயச்சாலைகளில் ஒன்று, எங்க்ஹாய்சன் இருக்கும் வட்டாரமான மேற்கு ஃப்ரீஸ்லாந்துக்காரர்களுடையது. ஹோர்ன், எங்க்ஹாய்சன், மேடெம்பிளிக் என்று மூன்று ஊர்களுக்கும் முறை வைத்து மாறிக்கொண்டிருந்தது. அதன் பழைய கட்டடம் எங்க்ஹாய்சனில் வெஸ்டர்ஸ்ட்ராட் தெருவில் இருக்கிறது. மாமனார் உடன் வந்தால் இங்கே நின்று ‘துட்டு’ என்று சொல்லிக் காட்டுங்கள், பேச்சு தானாக வளரும். (மாமா, அத்தை என்று அங்கே கூப்பிடுவதில்லை. பெரும்பாலும் பேர் சொல்லித்தான். நமக்கு நாக்கு எழும்பாது, ஆனால் அவர்களுக்கு அதுதான் இயல்பு.)

முதல் நாள் கோயிலையும் கடைத்தெருவையும் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் தொடங்குவது நல்லது. நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் டிரோமெடாரிஸ் கோபுரம் இருக்கிறது. 1540 வாக்கில் துறைமுக வாயிலைக் காக்கக் கட்டியது. அங்கிருந்து வீர்டைக் சாலையில் பேப்பர்ஹாய்ஸ், அதாவது மிளகு வீடு. கும்பினி கிடங்காக வைத்திருந்த வீடு, இப்போது சௌடர்சே அருங்காட்சியகத்தின் உள்பகுதி. 1602இல் தொடங்கிய அந்தக் கும்பினிக்கு ஆறு கிளைகள், அதில் ஒன்று இந்த ஊருடையது. கும்பினியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது இந்த வி.ஓ.சி. இன்று அந்த ஊர்த் துறைமுகம் நம் வ.உ.சி. பெயரில் இருக்கிறது. நம் கரைச் சங்கை வங்காளத்துக்கு ஏற்றி விற்றதும் இதே கும்பினி.

துறைமுகத்தில் நிற்கும்போது ஒன்று உறைக்கும்: உப்பு வாடை இல்லை. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாலும் கரிக்காது. 1916இல் பெருவெள்ளம் வந்தது, 1918இல் சட்டம் போட்டார்கள், 1932இல் 32 கிலோமீட்டர் அணை கட்டிக் கடலின் வாயையே அடைத்துவிட்டார்கள். சௌடர்சே என்ற கடல் நன்னீர் ஏரியானது. அந்தக் கடலின் ஹெரிங்கும் நெத்திலியும் போயின, அவற்றை நம்பிய தொழிலும் போனது. ஊர்ச் சின்னத்தில் மட்டும் மூன்று ஹெரிங் மீன் மிச்சம்.

அருங்காட்சியகத்தின் வெளிப்பகுதிக்குத் தனியாக அரை நாள் வையுங்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் போவது சரி. கரையோர ஊர்களிலிருந்து வீடுகளைக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். வாசலில் தெரியும் உயரமான காளவாய்களைப் பார்த்ததும் நமக்குப் புரிந்துவிடும்: சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளைகள். கல் கிடைக்காத கரையில் அவர்களுக்கும் சிப்பிதான் வழி. பருத்தி வலை உப்புநீரில் மக்காமலிருக்கக் காசுக்கட்டிச் சாற்றில் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். வெற்றிலைக்குப் போடுகிற அதே காசுக்கட்டி, கிழக்கிலிருந்து கப்பலேறிப் போனது.

ஹெரிங் தின்னாமல் வரவேண்டாம். பச்சை மீன் என்று பயம் காட்டுவார்கள், முழுக்கப் பச்சையில்லை. செவுளையும் குடலையும் எடுத்துவிட்டுக் கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டு லேசாக உப்பிடுகிறார்கள். கணையச் சாறுதான் சதையைப் பக்குவப்படுத்துகிறது. கருவாட்டுக்கு நாம் உள்ளே ஒன்றையும் விடாமல் சுரண்டி எடுப்போம், உப்பும் வெயிலும் வேலை பார்க்கும். வெயில் இல்லாத ஊர்க்காரன் மீனின் உறுப்பையே வேலைக்கு வைத்துக்கொண்டான். புழு சாக வேண்டும் என்பதற்காக முன்பே உறைய வைத்திருப்பார்கள். புது மீன் ஜூன் நடுவில் கடைக்கு வரும். நறுக்கிய வெங்காயத்தோடு கேளுங்கள், வாடை கொஞ்சம் அடங்கும்.

செருப்பு வேண்டாம், பழைய தெருக்களில் கல் பாவியிருக்கும். குடையும் வீண், காற்று திருப்பிவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். சிவப்புத் தார் போட்ட பாதை சைக்கிளுக்கு, படம் எடுக்க அதில் நிற்காதீர்கள். பழைய வீட்டு மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது முதுகு காட்டி, வள்ளத்திலிருந்து இறங்குவது போல இறங்குங்கள்.

சாயங்காலம் நேரம் மிஞ்சினால் லெலிஸ்டாட் போகும் அணைச் சாலைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். 2003இல் அங்கே கப்பல் கடக்கிற மதகு ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். பாம்பனில் கப்பல் வந்தால் பாலம் தூக்கும், ரயில் காத்திருக்கும். இங்கே சாலையைத் தண்ணீருக்கு அடியில் இறக்கிவிட்டார்கள், தலைக்கு மேலே கப்பல் போகும். கார் நிற்பதே இல்லை.