ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்த கதை

கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு ஊட்டி என்பது நினைத்தால் கிளம்பிப் போகிற ஊர். பஸ் ஏறினால் முடிந்தது. அதனாலேயே மலை ரயிலில் இதுவரை ஏறாதவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர். பார்க்கும்போதெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் என்று காட்டுவதால் அது வெளியூர்க்காரர்களுக்கான ரயில் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தத் தடவை பிள்ளைகள் விடவில்லை. ஜனவரி 10, சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். பொங்கல் கூட்டத்துக்கு முந்தின வாரம் என்பது ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழையில் மலைப் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து ரயிலை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும், ஜனவரிக்குள் அது ஓய்ந்துவிடும் என்பது இன்னொன்று.

"ஏங்கண்ணு, மூணு மணி நேரத்துல பஸ்ல போற ஊருக்கு ரெண்டு மாசம் முன்னாடியே டிக்கெட்டா?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு வழியில்லை. நான்கைந்து சின்னப் பெட்டிகள்தான், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை போவது தினமும் ஒரே வண்டி. காலை 7.10க்குக் கிளம்பும் 56136 எண் வண்டி. அதற்கு இந்தியா முழுக்க ஆள் போட்டி.

முன்பு 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 10க்குப் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 11, காலை 8 மணி. "ரெண்டு மாசம்" என்று குத்துமதிப்பாக நவம்பர் 10 காலையில் உட்கார்ந்தால் அந்தத் தேதியே திறந்திருக்காது. 12ஆம் தேதி உட்கார்ந்தால் இடம் இருக்காது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீலகிரி எக்ஸ்பிரஸ் முந்தின நாள் இரவே சென்னையில் கிளம்புகிறது. அதனால் அதன் முன்பதிவு மலை ரயிலுக்கு ஒரு நாள் முன்னதாகத் திறக்கும். முதலில் எக்ஸ்பிரஸ், மறுநாள் காலை மலை ரயில். இரண்டாவது கிடைக்காவிட்டால் முதலாவதை ரத்து செய்துகொள்ளலாம்.

8 மணிக்கு முன்னால் செய்து வைக்கிற வேலைதான் இதில் பாதி. ரயில் டிக்கெட் எடுக்கும் தளமான ஐஆர்சிடிசியில் உள்ள கணக்கை ஆதாரோடு சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, முன்பதிவு திறந்ததும் வரும் முதல் நிமிடங்களில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும்தான் அனுமதி என்று இருந்தது; 2026 ஜனவரியில் அதை முன்பதிவு திறக்கும் நாள் முழுவதற்கும் நீட்டிவிட்டார்கள். மலை ரயிலைப் பொறுத்தவரை அந்த முதல் நிமிடங்களைத் தாண்டினால் பிறகு ஒன்றுமில்லை. ஓடிபி ஆதாரோடு இணைத்த நம்பருக்குத்தான் வரும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள் அதை முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது. அடுத்து, பயணிகளின் பெயர், வயது எல்லாவற்றையும் மாஸ்டர் லிஸ்டில், அதாவது கணக்கிலேயே சேமித்து வைக்கும் பயணிகள் பட்டியலில், ஏற்றி வைப்பது. மூன்றாவது, பணம். அந்தத் தளத்தின் வாலட்டில் முன்பே போட்டு வைத்தால் பேங்க் பக்கத்துக்குப் போய்த் திரும்புகிற அரை நிமிடம் மிச்சம். அரை நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் சனிக்கிழமை மலை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா, சித்தி, சித்தப்பா என்று ஏழு பேர். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. ஆறு பேருக்குப் போட்டுவிட்டு ஏழாவது ஆளுக்கு மறுபடியும் உள்ளே போனால் அவர் மட்டும் வெயிட்டிங்கில் நிற்பார். அதனால் என் கணக்கில் நாங்கள் நால்வர், வீட்டுக்காரர் கணக்கில் பெரியவர்கள் மூவர் என்று பிரித்து, சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக இரண்டு லேப்டாப் வைத்து உட்கார்ந்தோம். சின்னவனுக்கு நாலரை வயது. ஐந்துக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை, ஆனால் இருக்கையும் கிடையாது. மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் மடியில் வைத்திருக்க முடியாது என்று முழுக் கட்டணம் கட்டி அவனுக்கும் இடம் எடுத்தோம். அந்தப் பணம் வீண் இல்லை.

எந்த வகுப்பு என்பதில் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. முதல் வகுப்புக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவதால், முன்னால் இருக்கும் முதல் வகுப்புக்காரர்களுக்குத் தண்டவாளமே கண்முன் விரியும். ஆனால் அதில் இடம் மிகக் குறைவு. அதை முயன்று நேரத்தை விடுவதைவிட இரண்டாம் வகுப்பே போதும் என்று முடிவு செய்தோம்.

எட்டு மணிக்குக் கேப்சா, பெயர்கள், "உறுதியான இடம் கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்ற கட்டத்தில் ஒரு டிக், வாலட். அந்த டிக் முக்கியம். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட், சார்ட் எனும் இறுதிப் பயணிகள் பட்டியல் போடும்வரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், கடைசி நாள் வரை ஏழு பேரை ஊசலில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. எனக்கு நான்கு இடம் விழுந்தது. அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வீட்டுக்காரர், "வந்துருச்சு, ஆனா வேற கோச்" என்றார்.

வேறு கோச் என்றால் என்ன, நடுவில் நடந்து போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு உள்ளே வழி கிடையாது. பயண நாளில் முறுக்குப் பை அம்மா இருந்த பெட்டியில், பிள்ளைகள் எங்கள் பெட்டியில். எஞ்சின் தண்ணீர் பிடிக்க வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் நின்றபோதுதான் பை கைமாறியது, அதுவும் குரங்குகளுக்குத் தெரியாமல். பெரியவள் அதற்குள் பெட்டியின் முனையில் நிற்கும் பிரேக்ஸ்மேனோடு சிநேகமாகிவிட்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஆள் நின்று, முன்னாலிருப்பவர் காட்டும் கொடியைப் பார்த்துப் பின்னால் தன் கொடியைக் காட்டுகிறார், எஞ்சின் டிரைவருக்கு அப்படித்தான் தகவல் போகிறது. கல்லாறு தாண்டியதும் நடுவில் பல் வைத்த தண்டவாளம் தொடங்குவதைச் சக்கரச் சத்தமே சொல்லிவிடும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவு அது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் போட்ட பாதை. 326 மீட்டரில் தொடங்கி 2,203 மீட்டருக்குப் போகிறது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுகிறார்கள்.

போக வர இரண்டுக்கும் ரயிலே எடுக்கலாமே என்று சித்தப்பா கேட்டார். ஒரே நாளில் போய் வருகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். வண்டி மதியம் 12க்கு ஊட்டி சேர்கிறது, 2 மணிக்கு இறங்க ஆரம்பிக்கிறது. நடுவே சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பத்தான் நேரம் இருக்கும். ரயிலில் ஏறி பஸ்ஸில் இறங்கினால் சாயங்காலம் வரை ஊரைச் சுற்றலாம். சொந்தக் காரில் ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எனும் ஆன்லைன் அனுமதிச் சீட்டு வேண்டும். ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

காலை ரயிலைப் பிடிக்க மேட்டுப்பாளையம் போவதும் பஸ்ஸில்தான் சுலபம். கோயம்புத்தூரிலிருந்து எட்டு மணிக்கு மேல் கிளம்பும் உள்ளூர் ரயில் இதற்கு உதவாது. டிக்கெட்டில் பெயர் உள்ளவர்களில் யாராவது ஒருவரின் அசல் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும், டிக்கெட்டுக்குப் போனில் வந்த மெசேஜே போதுமானது. மழையில் ரயிலே ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாகத் திரும்பிவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

மேலே போகிற வண்டி கிடைக்காவிட்டால், முன்பதிவு திறக்கும் அதே காலையிலேயே, ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்கு இறங்குகிற வண்டியில் இடம் பாருங்கள். பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்கினால் 5.35க்கு மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஓடும் டீசல் ரயில்கள் இருக்கின்றன. பல் தண்டவாளமும் நீராவியும் அதில் கிடையாது, ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு அந்தப் பாதையில்தான் வருகிறது.