அந்தப் பையன் போதும்

ஒரு தொடரின் கதையைப் பல எழுத்தாளர்கள் கூடி உருவாக்கும் எழுத்தாளர் அறையில் பேசப்படுவதில் பெரும்பகுதி அன்று மாலையே வெள்ளைப் பலகையோடு சேர்ந்து துடைபட்டுப் போய்விடும். நான் சொன்ன ஒன்று அப்படிப் போகவில்லை. "பட்டறை எரிய வேண்டியதில்லை, அந்தப் பையன் போதும்" என்றேன். ஆறாம் எபிசோடின் முடிவு அப்போதே மாறியது. அதன் பின்வரும் இரண்டு எபிசோடுகளும் அதற்கேற்ப மாறின. தொழில்முறையில் அது சரியான பதில் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அப்படியிருந்தும் அது ஏன் என்னை விடவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஒரு பெரிய திரைவரிசையின் படங்களில் நாயகனுக்குக் கவசம் செய்துகொடுக்கும் பெண்ணுக்கு இரண்டு மூன்று காட்சிகளுக்கு மேல் இருந்ததில்லை. அவளை மையமாக வைத்து எட்டு எபிசோடுகள் கொண்ட கிளைத்தொடர் ஒன்றை உருவாக்குவது எங்கள் வேலை. தான் செய்த கவசம் எங்கெல்லாம், யார்மேலெல்லாம் பாய்ந்தது என்பதைச் சிறிது சிறிதாக அறிந்துகொள்ளும் அவள், ஆறாம் எபிசோடில் தன் பட்டறைக்குத் தானே தீ வைக்கிறாள். நாங்கள் முதலில் கண்டடைந்த காட்சி அதுதான். மற்ற எல்லாவற்றையும் அந்தத் தீயிலிருந்து பின்னோக்கித்தான் கட்டினோம். அவளிடம் வேலை பழகும் பையன் இடையில் வந்தவன். "இவள் தனியாகவே இருந்தால் யாரிடம் பேசுவாள்?" என்று கேட்டு, அறையிலேயே வயதில் இளையவரான எழுத்தாளர் அவனைக் கொண்டுவந்தார். இரண்டு காட்சிகளுக்கென்று வந்தவன், அவர் எழுத எழுத எல்லா எபிசோடுகளிலும் இடம்பிடித்துக்கொண்டான்.

படங்களுக்கும் தொடர்களுக்கும் முரண் வராமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டுடியோ நிர்வாகி, எங்கள் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு அழைப்பில் வந்தார். மரியாதையாகவே பேசினார். அடுத்த படத்தில் ஒரு முக்கியமான காட்சி அந்தப் பட்டறையில் நடக்கிறது, ஆகவே அது இடிந்தோ எரிந்தோ போக முடியாது என்றார். "பட்டறை எங்களுக்கு வேண்டும். அந்தப் பையன் உங்களுடையவன். அவனை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்." தொடரின் முழுப் பொறுப்பையும் ஏற்றிருக்கும் தலைமை எழுத்தாளரான ஷோரன்னர் ஒலியை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தீ இல்லாமல் இந்த சீசன் நிற்குமா?" நான் அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அதை அவசரத்தில் சொன்னதாக யாரும் கருத வேண்டாம். ஒரு பெரிய திரைவரிசையின் நிழலில் எழுதுகிறவர்களுக்கு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லைதான் முதல் பாடம். 2013 செப்டம்பரில் தொடங்கிய 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு' தொடரை எங்கள் துறையில் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தொடரின் கதைக்களமே மார்வெல் படங்களில் வரும் ஷீல்டு என்ற உளவு அமைப்பு. அந்த அமைப்புக்குள் எதிரிகள் ஊடுருவியிருக்கிறார்கள் என்ற உண்மையையோ, 2014 ஏப்ரலில் வெளியாகவிருந்த 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' படம் தனக்கென்று வைத்திருந்தது. ஆகவே முதல் பதினாறு எபிசோடுகள், தாம் எதைப் பற்றிய கதை என்பதையே சொல்லாமல் காத்திருந்தன. மந்தமாகப் போகிறது என்று அப்போது பலர் குறைசொன்னார்கள். படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த சில நாட்களில் பதினேழாம் எபிசோடு ஒளிபரப்பானது. அதன்பின் அந்தத் தொடரின் நடையே வேறாகிவிட்டது. படத்தின் கட்டுப்பாடு அதை இழுத்தும் பிடித்தது, தூக்கியும் விட்டது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, படத்துக்குச் சொந்தமானதோடு மல்லுக்கு நிற்பதைவிட நமக்கு விடப்பட்ட இடத்தில் ஆழமாகத் தோண்டுவது மேல் என்பது.

'தி பெங்குயின்' இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. 'தி பேட்மேன்' (2022) படத்துக்கும் அதன் அடுத்த பாகத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் நிற்கும் தொடர் அது. பெங்குயின் என்று அழைக்கப்படும் அதன் நாயகன் ஆஸ் காப் உயிரோடு இருந்தாக வேண்டும், அடுத்த படத்துக்காக அவன் குற்ற உலகில் மேலே ஏறியும் இருக்க வேண்டும். இவ்வளவும் முன்பே தெரிந்த ஒரு கதையில் பார்ப்பவரை எட்டு எபிசோடுகளுக்குப் பிடித்துவைப்பது எப்படி? படங்களில் இல்லாத ஆட்களின் மேல் மீளமுடியாதவற்றை நிகழ்த்தினார்கள். கடைசி எபிசோடில், தன்னை நம்பிக் கூடவே இருந்த விக்டர் என்ற பையனை ஆஸ் தன் கைகளாலேயே நெரித்துக் கொல்கிறான். எங்கள் அறை கூடியபோது அந்தத் தொடர் ஒளிபரப்பாகி முடிந்திருந்தது. பலகையில் ஒரு மூலையில் அதன் பெயர் எப்போதும் எழுதப்பட்டிருக்கும். என் பதிலுக்குக் காரணமாக நான் அதைத்தான் சுட்டிக்காட்டினேன்.

அப்போது அந்த இளைய எழுத்தாளர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆஸ் விக்டரைக் கொல்வது, ஆஸ் யார் என்பதைச் சொல்கிறது. நம் பையன் சாவது, படத்துக்குப் பட்டறை வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது."

பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, விளைவு மட்டும்தான் தெரியும் என்று பதில் சொன்னேன். இது உண்மை. ஒரு நடிகர் வேறு படத்துக்குப் போய்விட்டதால் எழுதப்பட்ட மரணங்களுக்கும், செலவு கைமீறியதால் சுருக்கப்பட்ட போர்களுக்கும் மக்கள் மனமார அழுதிருக்கிறார்கள். காட்சி பிறந்த விதத்தை வைத்து அதை எடைபோடுவதானால் தொலைக்காட்சியில் எதுவும் மிஞ்சாது. அந்த வாதத்தில் நான் இன்றும் ஓட்டை காணவில்லை.

ஆனால் அவர் சொன்னது காட்சி பிறந்த விதத்தைப் பற்றியதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தீ அவளுடைய செயல். தன் கைவேலைக்குத் தானே கணக்குக் கேட்கும் ஒருத்தி, அந்தக் கணக்கைத் தீர்க்கச் செய்யும் காரியம். பையனின் மரணமோ அவளுக்கு நேர்வது. ஐந்து எபிசோடுகளாகச் செய்கிறவளாக இருந்தவள், ஆறாம் எபிசோடில் அனுபவிக்கிறவளாக மாறிப்போனாள். பிறகு நாங்கள் எழுதிய துக்கக் காட்சிகள் நன்றாகவே வந்தன; வாசித்தவர்கள் கலங்கினார்கள். எந்த அறையிலும் துக்கம் நன்றாகவே வரும். குற்றவுணர்வை நடிக்கத்தக்க காட்சியாக்குவதுதான் கடினம், அது எங்கள் கையில் ஒருமுறை தற்செயலாக அமைந்திருந்தது. என்றாலும், படமாக்கவே அனுமதி கிடைக்காத ஒரு தீயைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் தொடரே நின்றுபோயிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஷோரன்னர் ஏன் என்னைக் கேட்டார் என்பது வேறொரு புதிர். முடிவெடுக்கும் அதிகாரம் அவருடையது. அவர் முடிவெடுத்தும் இருந்தார் என்றே நினைக்கிறேன். நிர்வாகிக்கு உடன்படுவதை அறையிலிருந்து ஒருவர் கைவினைக் காரணமாகச் சொல்லிவிட்டால் அது பணிந்ததாகத் தோன்றாது. அவர் தேடியது என் கருத்தையா, என் குரலையா? தொடருக்கு உறுதியான ஆணை வருவதற்கு முன் கூட்டப்படும் இத்தகைய சிறிய அறைகளில் வேலை குறுகிய காலத்துக்கானது. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த ஒப்பந்தத்தில்தான் அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் இவற்றுக்குக் குறைந்தது பத்து வாரம் என்ற உத்தரவாதத்தையே பெற்றது. தொடர் உறுதியானால் அடுத்த கட்டத்துக்கு யாரை அழைப்பது என்பது ஷோரன்னரின் கையில். இது என் மனதில் இருந்ததா? பதில் சொன்ன அந்த நேரத்தில் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது நினைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நிர்வாகியின் வாக்கியத்தை மீண்டும் நினைக்கும்போதெல்லாம் "அந்தப் பையன் உங்களுடையவன்" என்பதில் வந்து நிற்கிறேன். சட்டப்படி அது பொய். வேலைக்கென்று எழுதியதன் காப்புரிமை நிறுவனத்துக்கே போகிறது. பட்டறை எவ்வளவு அவர்களுடையதோ பையனும் அவ்வளவே அவர்களுடையவன். வேறுபாடு ஒன்றுதான்: பட்டறைக்கு அவர்களிடம் திட்டம் இருந்தது, பையனுக்கு இல்லை. திட்டம் பின்னால் வரக்கூடும். 1992-இல் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரில் ஒரே ஒரு எபிசோடுக்கென்று உருவாக்கப்பட்டவள் ஹார்லி க்வின், அங்கிருந்து காமிக்ஸுக்கும் திரைப்படங்களுக்கும் போனாள். இளைய எழுத்தாளர் இதை அன்று சொல்லவில்லை, பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். நமக்கு விடப்பட்ட இடம் என்று நான் சொன்னது, யாரும் இன்னும் கேட்டு வராத இடம் என்பதைத் தவிர வேறில்லை. கேட்டு வராததைச் செலவழிப்பது சுலபம். அதையே மற்றவர்கள் சாமர்த்தியம் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

எழுதி முடித்த திரைக்கதைகளை ஒப்படைத்தோம். ஆணை வரவில்லை, மறுப்பும் வரவில்லை. அந்தப் படத்தின் தேதியும் தள்ளிப்போனது. தொடர் படமாகியிருந்தால் பார்த்தவர்கள் ஏதாவது ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள், நானும் அதை ஏற்றுக்கொண்டு ஓய்ந்திருப்பேன்.

இப்போது வேறொரு ஷோரன்னரிடம் அதை ஒப்படைத்திருக்கிறார்கள். பழைய எழுத்தாளர்களில் சிலரை அழைக்கலாம் என்று என்னிடமும் விசாரித்தார்கள். ஆறாம் எபிசோடு வரை அப்படியே வைத்துக்கொள்ளப்போவதாகவும், அந்த மரணம்தான் சீசனின் அச்சு என்றும் சொன்னார்கள். அந்த மாற்றத்துக்கு நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்க விளக்கம் கோப்பில் இன்னும் இருக்கிறதாம். புதியவர் அதைப் படித்துவிட்டுப் பாராட்டினாராம். படத்தின் தேதி தள்ளிப்போன நிலையில் பட்டறையைப் பற்றி மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் அதற்கு முதலில் அந்த இரண்டு பக்கங்களை மறுத்தாக வேண்டும். நானும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னும் அவர்களுக்குப் பதில் அனுப்பவில்லை.