பினியன் சீல் ஒழுகுகிறதா? முதலில் பிரீதரைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்து வயல்வெளி சேறானதும், டெல்டாவில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளின் அடியில் கசிவு தெரிய ஆரம்பிக்கும். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் மூக்கில், இன்ஜின் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில், கறுப்பாக ஈரம் கோத்து அதில் மண் அப்பியிருக்கும். அங்கே உள்ளே நுழையும் பினியன் என்ற கியர் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையம்தான் பினியன் சீல். பட்டறையில் சீலை மாற்றித் தருவார்கள். பழைய சீலைக் கெடுத்த காரணத்தைத் தேடாமல் விட்டால் புதுசும் சீக்கிரமே ஒழுகும்.

அந்தக் காரணம் பல நேரம் பிரீதர்தான். டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலே சின்ன மூடி போட்ட மூச்சுக்குழாய் அது. ஓட ஓட உள்ளே எண்ணெயும் காற்றும் சூடேறி விரியும். நம் வண்டல் சேறு பிரீதரில் காய்ந்து அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். சூடான ஹவுசிங் வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகவே தண்ணீரை இழுக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் லெவல் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் பாலாடை நிறத்தில் இருக்கிறதா? தண்ணீர் புகுந்துவிட்டது, பேரிங் துருப்பிடிக்கும் முன் மாற்றுங்கள்.

பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, காற்றடித்து, வாயால் ஊதிப் பாருங்கள். தாராளமாகப் போக வேண்டும். தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் மூடியை எடுத்துவிட்டு எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ் மாட்டி, சேசிஸுக்கு மேல் உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆக்ஸில் ஏறி இறங்க ஹோஸில் தொய்வு விட வேண்டும். நுனியில் சின்னப் பெட்ரோல் ஃபில்டர் போதும்.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. அறுப்பு முடிந்த வயலில் வைக்கோலும், கட்டு கட்டிய நைலான் கயிற்றுத் துண்டும் ஷாஃப்டைப் பினியனோடு இணைக்கும் யோக்கில் சுற்றிக்கொள்ளும். கயிறு உள்ளே ஏறி சீலின் உதட்டை அறுத்துவிடும். வயலைவிட்டு ஏறியதும் அடியில் குனிந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இனி மாற்றும் வேலை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஷாஃப்டைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஷாஃப்ட், யோக், நட், பினியன் நுனி எல்லாவற்றிலும் உளியால் நேர்க்கோட்டில் குறி வையுங்கள். யோக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது, சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. யோக்கில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து, எவ்வளவு பலத்தில் சுழல்கிறது என்று எழுதி வையுங்கள். இப்போதும், வேலை முடிந்து மறுபடி அளக்கும்போதும் பிரேக் உரசக் கூடாது.

யோக்கைப் பிடித்திருக்கும் இந்த நட்தான் ஆபத்தான இடம். பல ஆக்ஸில்களில் இரண்டு பேரிங்குக்கு நடுவே நசுங்கும் காலர் ஒன்று இருக்கும். திரும்ப மாட்டும்போது ஏர் கன்னால் ஒரே போக்கில் முறுக்கினால் காலர் மேலும் நசுங்கி, பேரிங் இறுகிச் சூடாகி எரியும். கையால் பழைய குறிவரை கொண்டுவந்து தராசில் பாருங்கள். முன்பிருந்த அளவோ, சற்றே கூடுதலோ வந்ததும் நிறுத்துங்கள். காலருக்குப் பதில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்த ஆக்ஸில் என்றால் கம்பெனி மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) முறுக்க வேண்டும்.

யோக்கில் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். பள்ளம் தட்டினால் புது சீல் நிற்காது. மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், யோக்கையே மாற்றலாம். வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளில் துருப் புள்ளிகளும் இதே வேலையைச் செய்யும்.

சீலின் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் கியர் ஆயில் தடவி, தூசி உதட்டுக்கும் அதற்கும் இடையில் கிரீஸ் வைத்து, சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற குழாயால் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சாய்ந்து உட்காரும். யோக்கின் உட்பக்கப் பல்வரிகளிலும் (ஸ்ப்லைன்) வாஷருக்கு அடியிலும் கொஞ்சம் சீலன்ட் பூசுங்கள். அந்த வழியாக வரும் எண்ணெயைச் சீல் ஒழுகல் என்று நினைத்து ஏமாறுவது உண்டு.

எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு மேல் பிளக் இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தி, துளையின் விளிம்பில் எண்ணெய் தொட்டு நிற்கும்வரை ஊற்றினால் போதும். அதற்கு மேல் ஊற்றினால் அதுவே ஒழுகலாகும். பின் ஆக்ஸிலுக்குப் பெரும்பாலும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 தர கியர் ஆயில். கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் சில ஜிஎல்-5 எண்ணெய்கள் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையைக் கெடுக்கும்.

ஃப்ரீ ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) வைத்த வண்டியில் முன் பினியன் மாதக்கணக்கில் சுழலாமல் கிடந்து, சீல் உதடு காய்ந்துவிடும். மாதம் ஒருமுறை வாய்க்கால் கரை மண்பாதையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்து, 30 கிலோமீட்டர் ஓட்டி, டிஃபரன்ஷியல் மூக்கில் கை வைத்துப் பாருங்கள். சூடு கை தாங்காவிட்டால் நட் அதிகம் இறுகியிருக்கலாம், அப்படியே ஓட்டாமல் தராசை மறுபடி எடுங்கள்.