ஒரு வரியில் இருப்பது யார்?

சிங்கப்பூரில் பெரிய மருத்துவமனைகள் உள்ள நொவீனாவிலிருந்தோ அவுட்ரமிலிருந்தோ கென்ட் ரிட்ஜிலிருந்தோ ஒரு மருத்துவர் தன் ஆய்வுத் தரவை எக்செல் கோப்பாக அனுப்பும்போது, கூடவே வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இதற்குச் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையா, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை வர்க்கச் சோதனையா? புள்ளியியல் மேசையில் இருப்பவர்கள் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு. இந்தத் தாளில் ஒரு வரி என்றால் யார்? ஒரு நோயாளியா, ஒரு கண்ணா, ஒருமுறை மருந்தகம் வந்துபோனதா, ஓர் எலியா, எலியிலிருந்து எடுத்த ஓர் உயிரணுவா? இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் எந்தச் சோதனை என்பது ஏறக்குறைய தானாக முடிவாகிவிடும். கிடைக்காவிட்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. எண்ணிக்கை தவறாக இருந்தாலும் ஆர், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டுமே மறுக்காமல் ஒரு பி மதிப்பை, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்ற எண்ணை, கொடுத்துவிடும்.

எலி ஆய்வுகளில் இது பளிச்சென்று தெரியும். மருந்து கொடுத்த எலிகள் 3, கொடுக்காதவை 3. ஒவ்வொன்றிலிருந்தும் 50 உயிரணுக்களை நுண்ணோக்கியில் அளந்தால் தாளில் 300 வரிகள் சேரும். குழுவுக்கு 150 என்று வைத்துச் சோதனை போட்டால் சின்ன வேறுபாடுகூடப் பெரிதாகத் தெரியும். ஆனால் மருந்து போனது எலிக்கு, தனித்தனி உயிரணுவுக்கு அல்ல. ஒரே எலியின் உயிரணுக்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஐம்பதாவது உயிரணு புதிதாகச் சொல்வது மிகக் கொஞ்சம். அந்த ஒப்புமையின் அளவு, 0 முதல் 1 வரையிலான கணக்கில், 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஓர் உயிரணுவை அதே எலியின் மற்ற 49உம் ஒத்திருப்பதால் எண்ணிக்கை எத்தனை மடங்கு ஊதியிருக்கிறது என்பதற்கு: 1 + 49 × 0.3 = 15.7. 150ஐ அதனால் வகுத்தால் 9.6. ஆக, 150 என்று நினைத்தது ஒன்பது பத்து தனித்த அளவுகளுக்குத்தான் சமம்.

எலிக்கு ஒரு சராசரி எடுத்து 3க்கு 3 என்று ஒப்பிடலாம். அல்லது எலியையும் கணக்கில் சேர்க்கும் கலப்பு மாதிரியைப் பொருத்தலாம். குழுவுக்கு மூன்றே எலிகள் என்றால் கலப்பு மாதிரியும் தடுமாறும், ஏனெனில் எலிக்கு எலி எவ்வளவு மாறுகிறது என்பதை மூன்றை வைத்து அறிய முடியாது. அடுத்த முறைக்காவது சொல்ல வேண்டியது இது: குழுவுக்கு எலிகளை 8 ஆக்குங்கள், எலிக்கு 15 உயிரணுக்கள் போதும். அளப்பது 150இலிருந்து 120ஆகக் குறைகிறது. தனித்த அளவுகளோ 9.6இலிருந்து 23ஆகக் கூடுகின்றன.

கண் ஆய்விலும் இதே சிக்கல்தான், ஆளுக்கு இரண்டு கண்கள் இருப்பதால். ஒரு கண்ணை மட்டும் எடுப்பதா, இரண்டையும் எடுத்து அவற்றின் உறவைக் கணக்கில் கொள்ளும் முறையைப் போடுவதா என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். "மோசமான கண்ணை எடுத்தோம்" என்று பிறகு முடிவு செய்வது ஆய்வின் கேள்வியையே மாற்றிவிடும்.

வரி யார் என்று தெரிந்த பிறகு, அந்த வரியில் எழுதியிருப்பது நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. அதைக் குறையாக நினைக்கவே கூடாது. அடையாள அட்டை எண் கோப்பில் இருக்கவே கூடாது. ஆய்வு எண் மட்டும்தான், இரண்டையும் இணைக்கும் பட்டியல் தனியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்து அலகுகள். சிங்கப்பூர் ஆய்வகங்கள் இரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோலில் தருகின்றன, இந்திய ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். சென்னையில் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை ஒருவர் கொண்டுவந்து, அது அப்படியே ஏறிவிட்டால், 5.6, 7.2, 6.1 என்று மேலிருந்து கீழாகப் போகும் பத்தியில் திடீரென்று 126 வந்து நிற்கும். 18ஆல் வகுத்தால் 7.0. சர்க்கரையில் இந்தப் பிழை கண்ணில் படும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினில் மாற்றும் எண் வேறு: டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோல்.

தேதிதான் இன்னும் ஆபத்து. 03/04/2023 என்பது இங்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கோ அது மார்ச் 4. நாள் 12க்கு மேல் இருந்தால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும், அதனால் கண்டுபிடித்துவிடலாம். 12க்குள் இருந்தால் நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2023-04-03 என்று முதல் நாளிலிருந்தே எழுதுவது ஒன்றுதான் வழி. மரபணுப் பெயர்களைக்கூட எக்செல் விட்டுவைக்கவில்லை. செப்டம்பர், மார்ச் மாதங்களைப்போல் தெரிந்த பெயர்களையெல்லாம் தேதியாக்கியதால், மரபணுப் பெயரிடும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டிவந்தது. "999" என்று எழுதிய விடுபட்ட மதிப்பு சராசரிக்குள் போய்விடும். "0.01க்குக் கீழே" என்று ஆய்வகம் தந்ததைப் பூஜ்யமாக மாற்றினால் மடக்கை எடுக்க முடியாது, அத்தகைய மதிப்புகள் கொஞ்சம்தான் என்றால் கண்டறியும் எல்லையை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்து இடுவார்கள். நிறைய என்றால் அதற்கென்றே உள்ள முறைகள் வேண்டும்.

இது வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களுக்கு 2009இல் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுரையைக் காட்ட வேண்டும். மரபணு வெளிப்பாட்டைப் பார்த்து ஒருவருக்கு ஏற்ற புற்றுநோய் மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்ன ஆய்வுகளை அவர்கள் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி நகர்ந்திருந்தது. மருந்துக்கு இணங்குபவை, இணங்காதவை என்ற அடையாளமும் இடம் மாறியிருந்தது. அந்த முறையை நம்பி நோயாளிகளுக்கு மருத்துவச் சோதனைகளே தொடங்கியிருந்தன.

எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் இரு குழுக்களுக்கிடையே 0.5 வேறுபாடு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்ற திட்ட விலக்கம் 1.2, வேறுபாடு இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பான திறன் 80 விழுக்காடு. மனத்திலேயே போடக்கூடிய கணக்கு: 16ஐத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 16 × 1.44 ÷ 0.25, குழுவுக்குச் சுமார் 92 பேர். 20 விழுக்காட்டினர் இடையில் விலகுவார்கள் என்றால் பலரும் 92ஐ 1.2ஆல் பெருக்கி 111 என்று எழுதுகிறார்கள். 111இல் 20 விழுக்காடு போனால் மிஞ்சுவது சுமார் 89, மூன்று பேர் குறைவு. 0.8ஆல் வகுக்க வேண்டும்: 115.

இதில் உண்மையான பலவீனம் அந்த 1.2தான். 15 பேரை வைத்து நடத்திய முன்னோட்டத்திலிருந்து அது வந்திருந்தால், உண்மையான திட்ட விலக்கம் 0.9 முதல் 1.9 வரை எதுவாகவும் இருக்கலாம். 1.9 என்றால் குழுவுக்கு 231 பேர் தேவை. ஆகவே ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. திட்ட விலக்கம் மாறினால் எண்ணிக்கை எப்படி மாறும் என்ற சிறு அட்டவணையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிதி கேட்கும் படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும் மருத்துவரின் கையில் அது இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் எண்ணிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு, அது நம்மை நேரடியாகத் தொடுவது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. ஆயிரம் பேரைச் சமவாய்ப்பில் எடுத்தால் இந்தியர் 90 பேர்தான் வருவார்கள். அவர்களில் 15 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டால், உண்மையான விழுக்காடு இருக்கக்கூடிய எல்லைகளைச் சொல்லும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 8 முதல் 22 வரை விரியும். அதே 15 விழுக்காடு 743 சீனர்களிடம் கிடைத்தால் 12.4 முதல் 17.6 வரை. அகலமான இடைவெளியை வைத்து ஒரு சமூகத்துக்கான திட்டத்தை வகுக்க முடியாது. அதனால்தான் 2004க்கும் 2011க்கும் இடையே இங்கு நடந்த கண் ஆய்வுகள் மலாய்க்காரர், இந்தியர், சீனர் என்று ஒவ்வோர் இனத்திலும் 3,000க்கு மேற்பட்டவர்களைத் தனித்தனியாகச் சேர்த்தன. அப்படிச் சமமாக எடுத்த பிறகு மூன்றையும் கூட்டி நாடு முழுமைக்குமான ஒரு விழுக்காடு சொல்ல வேண்டுமானால் ஒவ்வோர் இனத்துக்கும் மக்கள்தொகைப் பங்குக்கேற்ற எடைகள் இட வேண்டும். இல்லாவிட்டால் மக்கள்தொகையில் 9 விழுக்காடாக இருப்பவர்கள் கணக்கில் மூன்றில் ஒரு பங்காகிவிடுவார்கள்.

இந்தச் சிறிய எண்ணிக்கையிலிருந்து ஒரு தவறான முடிவு அடிக்கடி பிறக்கிறது. சீனர்களிடம் பி மதிப்பு 0.01, இந்தியர்களிடம் 0.20, உடனே "இந்தியர்களிடம் இந்த மருந்து பலன் தரவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதப்படுகிறது. இரு குழுக்களிலும் மருந்தின் பலன் அச்சு அசலாக ஒரே அளவாக இருந்தாலும், 90 பேரிடம் பி மதிப்பு அப்படித்தான் வரக்கூடும். இனத்துக்கு இனம் பலன் வேறுபடுகிறதா என்பதற்கு இடைவினைச் சோதனை தனியாக உண்டு. அதைப் போடாமல் அந்த வாக்கியத்தை எழுதவே கூடாது. புள்ளியியலாளர்கள் ஆல்ட்மனும் பிளாண்டும் 1995இலேயே ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டார்கள்: சான்று இல்லை என்பது, விளைவு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

உடல் பருமன் குறியீட்டை 23, 27.5 என்ற ஆசிய எல்லைகளில் வெட்டிக் குழுக்களாக்குவது மருந்தகத்தில் சரி. பகுப்பாய்வில் வெட்டினால் 22.9 உள்ளவரும் 23.1 உள்ளவரும் வேறு வேறு ஆட்கள், 23.1உம் 27.4உம் ஒரே ஆள் என்றாகிவிடும். இடைநிலை மதிப்பில் இரண்டாக வெட்டுவது, தரவில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிப் போடுவதற்குச் சமம்.

காணாமல் போகிறவர்களும் எண்ணிக்கையில் சேர்ந்தவர்களே. பத்து மாறிகளில் ஒவ்வொன்றிலும் 5 விழுக்காடு அங்கங்கே விடுபட்டிருந்தால், எல்லாம் நிறைந்த வரிகள் 60 விழுக்காடுதான் மிஞ்சும். மென்பொருள் மீதி 40ஐ எச்சரிக்காமல் ஒதுக்கிவிடும், அல்லது வெளியீட்டின் அடியில் சிறு எழுத்தில் ஒரு எண்ணைப் போடும். விடுபட்ட இடங்களை மற்ற மாறிகளை வைத்துக் கணித்துப் பலமுறை இட்டு நிரப்பும் முறை இதற்கு உதவும். அதை அமைக்கும்போது இறுதி விளைவையும் மாதிரிக்குள் சேர்க்க வேண்டும். விளைவை வைத்தே காரணியை நிரப்புவது ஏமாற்று என்று பயந்து பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் இருக்கும் உறவு தேய்ந்து பூஜ்யத்தை நோக்கிப் போகும். ஆனால் பலதுறை மருந்தகத்துக்கு வராதவர் உடல் நிலை மோசமானதால்தான் வரவில்லை என்றால் இந்த முறையும் போதாது. ஏன் வரவில்லை என்று தொலைபேசியில் கேட்டு எழுதிய ஒரு பத்தி அப்போது பெரும் உதவி.

உயிர்பிழைப்புக் கணக்கில் எண்ண வேண்டியது காலம். காலம் போகப் போக எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்ட கேப்லன், மையர் இருவரும் 1958இல் தந்த வளைகோடும், இறப்பின் ஆபத்தை எவை கூட்டுகின்றன, குறைக்கின்றன என்று கணக்கிட காக்ஸ் 1972இல் தந்த மாதிரியும் இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் ஓடுகின்றன. அவை தவறுவது பெரும்பாலும் கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பதில். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு எப்போதாவது ஒரு மருந்தைத் தொடங்கியவர்களை ஒரு குழு, தொடங்காதவர்களை இன்னொரு குழு என்று பிரித்து, இருவருக்கும் வீடு திரும்பிய நாளிலிருந்து காலத்தை எண்ணினால், மருந்து நிச்சயம் நல்லதாகத் தெரியும். ஆறாம் மாதத்தில் மருந்து தொடங்கியவர் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டுமே! அந்த ஆறு மாதத்தை மருந்து இல்லாத காலமாக எண்ணுவதற்குக் காலத்தோடு மாறும் மாறியை இட வேண்டும். ஒருவருக்கு இரண்டு வரிகள்: மருந்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மறுபடியும் வரி யார் என்ற கேள்விக்கே வந்து சேர்கிறோம்.

கேட்ட கேள்விகளையும் எண்ண வேண்டும். உண்மையில் எதிலுமே வேறுபாடு இல்லாதபோது 20 தனித்த சோதனைகள் போட்டால், ஒன்றிலாவது பி மதிப்பு 0.05 என்ற வழக்கமான எல்லைக்குக் கீழே வர 64 விழுக்காடு வாய்ப்பு. 20,000 மரபணுக்கள் என்றால் சுமார் ஆயிரம் பொய்க் கண்டுபிடிப்புகள். கண்டுபிடிப்புகளில் பொய்யானவற்றின் பங்கைக் கட்டுப்படுத்த பெஞ்சமினியும் ஹோக்பெர்க்கும் 1995இல் தந்த திருத்தம் இதற்கு நன்கு உதவும், ஆனால் போட்ட எல்லாச் சோதனைகளையும் கணக்கில் காட்டினால்தான்.

கடைசியாக, தாளில் பெரும்பாலும் இல்லாத ஒரு பத்தி. தமிழ் மட்டும் பேசும் முதியவர்களை, ஆங்கிலமோ மாண்டரினோ தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனை ஆய்விலிருந்தே நீக்கிவிடுகிறது. சேர்க்கும் ஆய்வுகளிலும் கேள்வித்தாளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். "வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லப்பா" என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். வலி இல்லை, லேசான வலி, ஓரளவு வலி, கடுமையான வலி, மிகக் கடுமையான வலி என்ற ஐந்து கட்டங்களில் அது எங்கே விழும்? கேட்பவர் ஒருவர் முதல் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் இரண்டாவதில். கூட வந்த மகள் மொழிபெயர்த்தால் அம்மாவின் வலி மகளின் கவலையோடு சேர்ந்து மூன்றாவதுக்குப் போகலாம். எந்த மொழியில் கேட்டார்கள், யார் கேட்டார்கள், யார் மொழிபெயர்த்தார்கள் என்ற மூன்று பத்திகள் இருந்தால் இந்த வேறுபாட்டை அளந்து பிரித்தெடுக்கலாம். முதல் ஆள் கையெழுத்திடும் முன்பே அவை தாளில் இருக்க வேண்டும். 200 பேர் வந்துபோன பிறகு அவற்றை நிரப்ப முடியாது.