மாமாவின் பேராதனையும் என் வந்தாறுமூலையும்

பல்கலைக்கழகக் காலந்தான் வாழ்க்கையின் பொற்காலம் என்று நான் முதன்முதல் கேட்டது பெரிய மாமாவின் வாயால். அம்மாவின் மூத்த அண்ணன். ஓய்வுபெற்ற அதிபர். மண்டூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், பேச்சு எங்கே தொடங்கினாலும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் போய் முடியும். அறுபதுகளில் அங்கே படித்தவர். அருணாசலம் விடுதியில் அறை. மணியடித்தால் சாப்பாடு. மகாவலிக் கரையில் மாலை நடை. பேராசிரியர் வித்தியானந்தன் வடமோடிக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த காலம் அது. எங்கள் ஊர்க் களரியில் விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பேராதனையில் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருந்து பார்த்தார்கள் என்று மாமா சொல்லும்போது அவருடைய முதுகு நிமிரும். அந்த மேடையில் ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு பிறகு பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையை வளர்த்தெடுத்ததையும் சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

"கம்பஸுக்குப் போ மனே. அதுக்குப் பிறகுதான் உனக்கு உலகம் விளங்கும்."

நான் போனேன். படித்துப் பட்டமும் எடுத்தேன். இப்போது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "டீச்சர், கம்பஸ் லைஃப் உண்மையாவே அவ்வளவு நல்லாயிருக்குமா?" இந்தியப் படங்களில் பார்த்த கல்லூரியும், ஒரே வருசத்தில் சேர்ந்த பெச்சோடு சுற்றுலா போய் அண்ணன்மார் பேஸ்புக்கில் போடுகிற பெச் ட்ரிப் படங்களும் அவர்கள் மனதில் நிற்கின்றன. ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா சொன்னது பொய்யில்லை. அவருக்கு அது பொற்காலமேதான். ஆனால் அந்தப் பொன் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். தங்க அறை இருந்தது. மூன்று வேளைச் சாப்பாடு இருந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பட்டம் எடுத்துக்கொண்டு வெளியே வந்த கையோடு அவருக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது, அடுத்த மாதச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, படித்து முடிந்தால் என்ன வேலை என்கிற மூன்று கவலையும் இல்லாத ஒரு பத்தொன்பது வயசுப் பையன் மகாவலிக் கரையில் நடந்து போனால் அந்த மாலை அழகாகத்தான் இருக்கும். எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த மாலையின் கதை மட்டும். அறையும் சாப்பாடும் வேலையும் கதையோடு கூட வரவில்லை.

அம்மாவுக்கு வேறொரு கதை தெரியும். எனக்கு வந்தாறுமூலை, அதாவது கிழக்குப் பல்கலைக்கழகம், கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அந்த இடமா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பகுதியில் அந்த வயசுப் பெண்களுக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் என்றால் முதலில் நினைவு வருவது படிப்பு இல்லை, 1990. யுத்தத்தில் ஊர்கள் எரிந்தபோது சனங்கள் அந்த வளாகத்துக்குள் அகதிகளாகப் போய் இருந்தார்கள். செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் உறவுகள் இப்போதும் விளக்கேற்றுகிறார்கள். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாகி, நாலு வருசம் போவதற்குள் அந்தக் கட்டடங்கள் அதையும் பார்த்துவிட்டன. நான் விரிவுரைக்குப் போய்வந்த நடைபாதையில் யார் யார் நின்றிருப்பார்கள் என்ற நினைப்பு முதல் வருசம் முழுக்க எனக்கு இருந்தது. அப்படியான இடத்தில் பொற்காலம் என்ற சொல்லை நான் கவனமாகத்தான் எடுப்பேன்.

பகிடிவதை, அதாவது ராகிங், பற்றிய பயமும் அம்மாவுக்கு இருந்தது. 1997இல் பேராதனையில் பொறியியல் படிக்கப் போன வரப்பிரகாஷ் பகிடிவதையால் இறந்துபோனதும், அடுத்த வருசம் அதற்கென்று தனிச் சட்டமே வந்ததும் அவருக்குத் தெரியும். மாமாவின் அதே பேராதனை.

நான் உயர்தரம் எழுதியது 2010 ஓகஸ்டில். அடுத்த ஜனவரி வெள்ளத்தில் அப்பாவின் பெரும்போக வெள்ளாமை முழுக்கத் தண்ணீருக்குள் போனது. கதிர் முற்றி வருகிற நேரம். அந்த வருசந்தான் பல்கலைக்கழகம் போகிற எல்லோரும் இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருசம். மகளை முகாமுக்கு அனுப்புவதென்றால் படுவான்கரைத் தாய் ஒருத்திக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மா மண்டூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தார். நான் போய்வந்தேன்.

பிறகு கம்பஸ். மண்டூரிலிருந்து வந்தாறுமூலைக்கு எப்படிப் போவது என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். துறைக்கு வந்து பாதை ஏற வேண்டும். வெளியூர்க்காரர் பாதை என்றால் தெரு என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற மிதவை. மனுசரும் மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் ஒன்றாகப் போவோம். அக்கரை குருமண்வெளி. அங்கிருந்து பிரதான வீதி, பிறகு மட்டக்களப்புக்குப் பஸ். கல்லடியில் புதுப்பாலம் 2013இல்தான் திறந்தது. அதற்கு முதல் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மற்றப் பக்கம் காத்து நிற்க வேண்டும். நகரத்தில் இறங்கி வாழைச்சேனைப் பஸ் பிடித்து, ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலை. திரும்பி வரும்போது பொழுதுபட்டுவிட்டால் பாதை நின்றுவிடும். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸும் அருமை.

அதனால் கிழமை நாட்களில் போர்டிங், வெள்ளிக்கிழமை மத்தியானமே வீட்டுக்குக் கிளம்புவது. வெள்ளிப் பின்னேரமும் சனி ஞாயிறும் நடக்கிற எதற்கும் நான் இருந்ததில்லை. நாடக ஒத்திகை, வலைப்பந்து, பெச் பார்ட்டி, பரீட்சை முடிந்த அன்று பாசிக்குடாவுக்குப் போவது எல்லாவற்றையும் திங்கட்கிழமை வந்துதான் கேள்விப்படுவேன். மகாபொல உதவிப்பணம் 2500 ரூபாவில் போர்டிங் காசும் போட்டோகொப்பிக் காசும் போனால் பஸ்ஸுக்கு மிஞ்சும். கண்டீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு மணிக்கணக்காக இருந்து கதைப்பவர்களைத் தாண்டி நூலகத்துக்குப் போவேன். அவர்களில் யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் கம்பஸ் வாழ்க்கை என்று ஆட்கள் சொல்வது முக்கால்வாசி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நடப்பது. நாலு மணிக்குப் பிறகும் அங்கே நிற்க வசதியுள்ளவருக்கே அது கிடைக்கும். தூர ஊர்ப் பிள்ளைகளும், வீட்டில் கட்டுப்பாடுள்ள பெண் பிள்ளைகளும், பின்னேரம் ரியூசன் கொடுத்துக் குடும்பத்துக்குக் காசு அனுப்பியவர்களும் ஒரே வளாகத்துக்குள் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்தார்கள்.

2012 ஜூலையில் விரிவுரையாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்கு என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. நியாயமான கோரிக்கை, இப்போதும் நியாயமானதுதான். மூன்று மாதம் நான் வீட்டில் இருந்தேன். அறுவடைக்கு ஆட்களுக்குச் சோறு கொண்டு போனேன். "கம்பஸ் முடிஞ்சுதா மனே?" என்று ஊரார் கேட்டார்கள்.

நல்லதே இல்லையா என்றால், இருந்தது. ஒரு நாள் களப்பயிற்சிக்குப் பாலமீன்மடு முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். வெளிச்சவீட்டுப் பக்கமாக இறங்கி மணலில் நின்றோம். நாடாவும் மட்டக்கோலும் ஆண் பிள்ளைகள் கையில், பெண்கள் நாங்கள் குறிப்பெடுத்தோம். வாவி 56 கிலோமீற்றர் நீளம், கடலோடு சேர்வது இரண்டு வாய்களால், ஒன்று இங்கே, மற்றது கல்லாற்றில் என்று சேர் சொல்லிக்கொண்டு வந்தார். கோடையில் ஆறுகளின் நீர்வரத்துக் குறைய அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் நீர் மட்டம் ஏறும். அடைத்த வாயைப் பிறகு வெட்டிவிட வேண்டும். "எப்ப வெட்டுறது எண்டு யார் முடிவெடுக்கிறது?" என்று சேர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை.

நான் பேசினேன். கல்லாற்று ஆற்றுவாய் வெட்டினார்களா, வெட்டினார்களா என்று மாரி முழுக்க அப்பா வயல் வரம்பில் நின்று கேட்பதைச் சொன்னேன். வெட்டப் பிந்தினால் எங்கள் பக்கத்து வயல் தாழும். முந்தினால் நீரோடு இறாலும் மீனும் கடலுக்குப் போகிறதென்று தோணிக்காரர் சண்டைக்கு வருவார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் வெள்ளாமைக்காரன், தம்பி வலைக்காரன். மாரி வந்தால் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டம் வைத்து அதிகாரிகள் முடிவெடுப்பதற்குள் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். சேர் என்னை நிறுத்தவேயில்லை. கடைசியில், "இதைத்தான் எழுதணும், இதுதான் உங்கட ஆய்வு" என்றார். அப்பாவின் கவலை ஒரு பாடமாகலாம், அதைப் படித்துப் பட்டம் எடுக்கலாம் என்று அந்த மணலில் நின்றுதான் எனக்குத் தெரிந்தது. மாமா சொன்ன "உலகம் விளங்கும்" அன்றைக்கு எனக்கு உண்மையாயிற்று. ஆய்வையும் அதில்தான் செய்தேன்.

ஆனால் சிநேகிதம்? கம்பஸ் சிநேகிதம் சாகும்வரை வரும் என்பார்களே, அது எனக்குக் கம்பஸில் கிடைக்கவில்லை. கிடைத்தது காந்தி பூங்கா முன்னால், தறப்பாளுக்குக் கீழே.

பட்டம் எடுத்துவிட்டுச் சும்மா இருந்தோம். கிழக்கில் கலைப்பட்டதாரிக்கு அரசாங்க வேலையை விட்டால் வேறென்ன இருக்கிறது? 2017 பெப்ரவரியில் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். மாதக்கணக்காக நடந்தது. நானும் போய் இருந்தேன். பக்கத்தில்தான் மட்டக்களப்பு வாயில். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கியதை நினைவுபடுத்துகிற இடம். படிப்பு வந்திறங்கிய கரையில் படித்தவர்கள் வேலை கேட்டு இருந்தோம்.

கம்பஸில் நாலு வருசம் ஒரே நடைபாதையில் எதிரெதிரே போய்வந்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் அங்கே ஒரே பாயில் இருந்தோம். வர்த்தகம் படித்தவர், இந்து நாகரிகம் படித்தவர், இஸ்லாமிய நாகரிகம் படித்தவர், எனக்கு எட்டு வருசம் மூத்த அக்கா, கைப்பிள்ளையோடு வந்தவர். ஏறாவூரில் இருந்து வந்த ஒருத்தியும் நானும் ஒரே வருசம் ஒரே பீடம். அவளுக்கு நான் யாரென்று தெரியாது, எனக்கு அவளைத் தெரியாது. முதல் நாள் மத்தியானம் அவள் தன் சோற்றுப் பார்சலை விரித்து, நடுவால் கையால் பிரித்து, மீன் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். "தின்னுங்க. கத்தணும் பின்னேரம்." கத்தினோம். தொண்டை அடைத்துப்போனால் மற்றவள் பிடித்துக்கொள்வாள். மழை வந்தால் தறப்பாள் மூலையை ஆளுக்கொருவர் பிடித்து நீரை வடித்துவிடுவோம். வெயிலில் தாரின் சூடு பாய் வழியாகக் காலில் ஏறும். அவளுடைய வாப்பாவின் மருந்துச் செலவு, என் தங்கையின் கலியாணப் பேச்சு, யாருக்கு எந்தப் பரீட்சை எப்போது என்று எல்லாம் பேசினோம். ஒரு அக்கா அங்கேயே இருந்து பொது அறிவுப் போட்டிப் பரீட்சைக்குக் குப்பி எடுத்தார். குப்பி என்றால் தெரிந்தவர் மற்றவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. கம்பஸில் நான் ஒரு நாளும் பின்னேரக் குப்பிக்கு இருந்ததில்லை. அங்கேயும் நான் கடைசிப் பாதைக்கு முன்பு கிளம்ப வேண்டியவள்தான். ஆனால் அடுத்த நாள் வந்ததும், நான் இல்லாதபோது என்னென்ன நடந்ததென்று முழுவதும் சொல்வதற்கு அவள் காத்திருப்பாள்.

2018இல் எங்களில் பலருக்குப் பட்டதாரிப் பயிலுநர் நியமனம் வந்தது. ஏறாவூர்க்காரி இப்போது பிரதேச செயலகமொன்றில் இருக்கிறாள். என் கலியாணத்துக்கு அவள் குடும்பமே பாதையேறி மண்டூருக்கு வந்தது. என் பெச்சில் இருந்து வந்தவர்கள் மூன்று பேர்.

பொற்காலம் என்ற கதையோடு எனக்கு இருக்கிற கோபம் ஒன்றுதான். அது கிடைக்காத பிள்ளை தன்னிடம் ஏதோ குறை என்று நினைக்கிறது. போர்டிங்கில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்த வாகரைப் பிள்ளை ஒருத்தி, "எனக்கு மட்டும் ஏன் இது சந்தோசமா இல்ல?" என்று இரவில் கேட்டாள். அவளிடம் இரண்டே சட்டை. வீட்டில் நாலு சகோதரங்கள். குறை அவளிடம் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது மாமாவுக்குக் கிடைத்த அறையும் சாப்பாடும்.

இந்த வருசம் எங்கள் பாடசாலையில் இருந்து இரண்டு பிள்ளைகள் தெரிவாகியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்: விடுதி கிடைத்தால் விடாதே, தூரம் என்று எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கு. மகாபொல விண்ணப்பத்தை முதல் கிழமையே நிரப்பு. யாராவது பகிடிவதை செய்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் எனக்குப் போன் எடு. எல்லா வெள்ளியும் ஊருக்கு வராதே; மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அங்கே நில். களப்பயிற்சி ஒன்றையும் தவறவிடாதே. அதில் ஒருத்தியின் தாய் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வராவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்று கேட்டார். போர்டிங்கில் அரிசி, பருப்பு, கருவாடு வைத்துச் சமைத்த கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.