தென்னைக்கு ஈரம், பலாவுக்கு வடிகால்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருந்தால் தென்னையும் பலாவும் வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். ஆசை நல்லதுதான். ஆனால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, ஒரே குழாயைத் திறந்துவிட்டு ஒரே மாதிரி பார்த்துக்கொண்டால், ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். தென்னை வருடம் முழுக்கக் காலடியில் ஈரம் கேட்கிற மரம். பலாவுக்கு வேரில் தண்ணீர் சில நாள் தேங்கினாலே அழுகல் தொடங்கிவிடும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் இடத்தையே பிரிக்க வேண்டும்: தோட்டத்தின் தாழ்ந்த பக்கம் தென்னைக்கு, மேட்டுப் பக்கம் பலாவுக்கு.

நிழலையும் கணக்கில் எடுங்கள். தென்னம்பிள்ளைக்கு முழு வெயில் வேண்டும். பலாவின் அடர்ந்த நிழலில் மாட்டிக்கொண்டால் அது மெலிந்து உயர்ந்துகொண்டே போகும், பாளை வராது. பலாக்கன்று முதல் ஓரிரு வருடம் பாதி நிழலைத் தாங்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் 25 அடியாவது விடுங்கள். நெட்டைத் தென்னையின் ஓலை 15 அடிக்கு மேல் நீளும் என்பதால், சுவரிலிருந்து 12 அடிக்குள் தென்னை வைக்காதீர்கள். வண்டி நிற்கும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம், நடைபாதை ஆகியவற்றின் மேல் கொண்டை வராதபடி பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். முற்றிய தேங்காய் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இளநீர்தான் வேண்டும் என்றால் குட்டை ரகம் போதும். மூன்று நான்கு வருடத்தில் பாளை விடும், கையெட்டும் உயரத்தில் காய்க்கும். ஆனால் பருப்பு மெல்லியது, வறட்சியையும் அவ்வளவாகத் தாங்காது. சமையலுக்குத் தேங்காய் வேண்டுமென்றால் நெட்டை; ஆறு ஏழு வருடம் பொறுக்க வேண்டும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் நெட்டையும் குட்டையும் கலந்த கலப்பினக் கன்று நல்ல தேர்வு.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், கழுத்தைப் பாருங்கள். 9 முதல் 12 மாதக் கன்றில் ஆறு இலையாவது இருக்க வேண்டும். கழுத்தின் சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இலைகள் சீக்கிரமே கீற்றாகப் பிரியத் தொடங்கியிருந்தால் அது வீரியமான கன்று. நெருக்கி வைத்து வளர்த்த கன்றுகள் நெடுநெடுவென்று இருக்கும்; கழுத்து பென்சில் போல மெலிந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அடியில் தேங்காய் மட்டைகளை இரண்டு வரிசை அடுக்குங்கள், குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி. அதில் தண்ணீர் தங்கி வேருக்கு மெல்ல மெல்லக் கிடைக்கும். அதன் மேல் மண், மணல், மட்கிய எரு கலந்து இரண்டடி வரை நிரப்பி, கரையான் தொல்லை உள்ள மண்ணாக இருந்தால் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, நடுவில் கன்றை வையுங்கள். காய் மூடியிருக்கலாம், கழுத்து மூடக் கூடாது. மழையில் மண் சரிந்து குருத்துக்குள் இறங்கினால் கன்று அழுகிப்போகும். முதல் மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்க் கழுத்தில் படிந்த மண்ணை விரலால் வழித்துவிடுங்கள். மேலே விட்ட ஒரடி ஆழத்தைக் கன்று வளர வளர, இரண்டு மூன்று வருடத்தில் மூடினால் போதும்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். எருவை ஒரே தடவையாகப் போடலாம். ரசாயன உரத்தை இரண்டு பங்காக்கி, ஆறு மாத இடைவெளியில், மண்ணில் ஈரம் இருக்கும்போது போடுங்கள். இரண்டாம் வருடக் கன்றுக்கு இதில் கால் பங்கு, மூன்றாம் வருடம் அரை, நான்காம் வருடம் முக்கால். உரத்தை அடிமரத்தை ஒட்டிக் கொட்டுவது வீண். உறிஞ்சும் வேர்கள் அடிமரத்திலிருந்து ஆறடி தூரம் வரை பரவியிருக்கும். அந்த வட்டப்பாத்தி முழுக்கத் தூவி லேசாகக் கொத்திவிட வேண்டும். யூரியாவை மட்டும் போட்டுப் பொட்டாஷை விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும், காய் நிற்காது. புது ஓலையின் நுனிகள் பிரியாமல் கொக்கிபோல் வளைந்து வந்தால் போரான் பற்றாக்குறை. 50 கிராம் போராக்ஸை வட்டப்பாத்தியில் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

வெயில் காலத்தில் காய்க்கும் மரத்துக்குச் சொட்டு நீராக நாளொன்றுக்கு 40 முதல் 65 லிட்டர் வேண்டும். பாத்தியின் மேல் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் பரப்பு, அவசியம். மூடாக்குக்குத் தேங்காய் மட்டை பரப்பும்போது குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். அப்போதுதான் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் அடங்கும். குழிக்குள் ஒரு விதம், மேலே அதற்கு நேர்மாறு.

குரும்பை கொட்டுகிறது என்று கவலைப்படாத தென்னைக்காரர் இல்லை. பாளை வெடித்ததும் ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பாருங்கள். நுனிவரை அரிசி மணி அளவில் நெருங்கியிருப்பவை ஆண் பூக்கள். கதிரின் அடியில் கோலிக்குண்டு போல உருண்டையாக ஒட்டியிருப்பவையே பெண் பூக்கள், அவைதான் குரும்பை. முதல் இரண்டு மாதத்தில் அவற்றில் பாதிக்கு மேல் உதிர்வது மரத்தின் இயல்பு. அதைத் தாண்டியும் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் தண்ணீர், பொட்டாஷ், போரான் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பாளையின் கரு, அது வெளியே தெரிவதற்கு இரண்டரை வருடத்துக்கும் முன்பே உள்ளே உருவாகிவிடுகிறது. அதனால் ஒரு கோடையில் மரத்தைக் காயப்போட்டால் அதன் பாதிப்பு இரண்டு மூன்று வருடம் தொடரும். இன்று உரம் போட்டு அடுத்த மாதம் காயைத் தேடுவதில் பயனில்லை.

தென்னைக்கு எதிரி நிறைய இருந்தாலும், வீட்டு மரத்தைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு வண்டுகள். விரிந்த ஓலையைக் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு குருத்துக்குள் புகுந்திருக்கிறது. கொக்கி வைத்த கம்பியால் அதைக் குத்தி வெளியே எடுங்கள். மேல் மூன்று மட்டை இடுக்குகளில் ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூளும் இரண்டு பங்கு மணலும் கலந்து போட்டால் மறுபடி வருவது குறையும். அது முட்டையிடும் இடம் எருக்குழி. எருவைக் கிளறிப் பார்த்து, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்காதவரை வண்டு ஓயாது. அடுத்தது சிவப்புக் கூன்வண்டு. இது காயத்தைத் தேடி வந்து முட்டையிடும். புழு உள்ளேயே தண்டைத் தின்னும். ஓட்டையிலிருந்து பழுப்புச் சாறு வடிந்து, மென்று துப்பிய நார் தள்ளிக்கொண்டு வந்தால் அதுதான். இதற்காகவே பச்சை மட்டையை அடியோடு வெட்டக் கூடாது என்கிறோம். நான்கடி விட்டு வெட்டுங்கள். தண்டில் ஆணி அடிப்பது, ஏறுவதற்குப் படி வெட்டுவது எல்லாமே வண்டுக்கு வாசல் திறப்பதுதான்.

நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் நாற்றத்தோடு கையில் வந்தால் குருத்தழுகல். அழுகிய பகுதியை நல்ல திசு தெரியும்வரை செதுக்கி எடுத்து, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி) தடவி, புதுக் குருத்து வரும்வரை மழை நீர் இறங்காமல் மூடிவைக்க வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் மரம் பிழைக்கும்.

இளநீருக்கு ஆறு ஏழு மாதக் காய் சரியானது. தண்ணீர் இனிக்கும், வழுக்கை அப்போதுதான் படியத் தொடங்கியிருக்கும். தேங்காய்க்கு 11, 12 மாதம் ஆக வேண்டும். காதருகே ஆட்டினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். அதற்கு முன் பறித்த காயில் பால் தண்ணீராக இருக்கும், பருப்பு சுருங்கும்.

இனி பலா. கொட்டை போட்டு முளைக்கவைத்த செடி தாய்மரம் போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை. அயல் மகரந்தம் கலப்பதால், தேன் சுளை தின்று போட்ட கொட்டையிலிருந்து கொழகொழப்பான கூழன் பழம் வரலாம். அது தெரியவே ஏழெட்டு வருடம் ஆகும். ஒட்டுச்செடி வாங்குங்கள், மூன்று நான்கு வருடத்தில் ரகம் தெரிந்த பழம் கிடைக்கும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் அதுவே மரமாகிவிடும். கொட்டைதான் போடுவேன் என்பவர்கள் பழத்திலிருந்து எடுத்த கையோடு, நட வேண்டிய இடத்திலேயே போடுங்கள். காய்ந்த கொட்டை முளைக்காது. பையில் நாளாக நாளாக ஆணிவேர் சுருண்டுகொள்ளும், பிறகு மரம் நிலைப்பது கடினம்.

பலாவுக்கும் மூன்றடிக் குழிதான். 10 கிலோ எரு, ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. குழியைத் தரைமட்டத்துக்கு மேல் ஒரடி மேடாக நிரப்பி, அந்த மேட்டின் உச்சியில் நடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் வேண்டும். வேர் இறங்கிய பிறகு கைவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். பழம் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் வரும் என்பதால், கிளைகளை நெருக்கமாக விடாமல் உள்ளே காற்றும் வெளிச்சமும் புக வையுங்கள். உச்சியை 15 அடியில் நிறுத்தினால் பறிப்பதும் சுலபம்.

“பலாப் பிஞ்சு கறுத்து உதிர்கிறது” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது ஆண் பூவை. அது மெல்லிய காம்பில், விரல் நீளத்தில், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். மஞ்சள் மகரந்தம் உதிர்ந்ததும் பூசணம் பிடித்துக் கறுத்து விழும். அதன் வேலை முடிந்தது. பெண் பூவின் காம்பு தடித்தது, காம்பும் பூவும் சேரும் இடத்தில் வளையம் தெரியும், மேலே சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பலா என்பது நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டிய தொகுப்பு. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராதது நாராகும். பழம் ஒரு பக்கம் சப்பி வளைந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் கிடைக்கவில்லை என்று பொருள். மஞ்சள் தூள் தெரியும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மேல் மெதுவாக உருட்டித் தேய்த்தால் இது குறையும்.

பெண் பூ வழியாக உண்டான பிஞ்சும் அழுகினால் ஈரமும் பூசணமும் காரணம். அழுகியதை மரத்தடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். இரண்டு காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் இடையில் புழு துளைக்கும். ஒன்றை மூசாக, அதாவது பிஞ்சுக் காயாக, இருக்கும்போதே பறித்துச் சமைத்துவிடலாம். இளமரத்தில் முதல் வருடம் ஒன்றிரண்டு காய்க்கு மேல் விடாதீர்கள், கிளை தாங்காது.

பறிக்கும் பக்குவத்துக்கு முள்ளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெருங்கிக் கூராக இருந்த முட்கள் விலகி மழுங்கும். தோல் பச்சையிலிருந்து மஞ்சளோடும், காம்பருகே உள்ள இலை பழுக்கும், தட்டினால் மந்தமான சத்தம் வரும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் பறிக்கலாம். உயரத்தில் இருப்பதைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். விழுந்த பழம் அடிபட்ட இடத்தில் புளித்துவிடும். காம்பு கீழே பார்க்கும்படி சாய்த்துவைத்துப் பாலை வடியவிட்டால், சில நாளில் வாசனை தூக்கும்.

வெட்டும் முன் கத்திக்கும் கைக்கும் சமையல் எண்ணெய் தடவுங்கள். நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டை முதலில் செதுக்கி எடுத்துவிட்டால் பாதிப் பால் அதோடு போய்விடும். சுளைகள் தானாகக் கழலும். மிஞ்சிய சுளையைக் கொட்டை நீக்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கொட்டையைக் கழுவி நிழலில் ஒரு நாள் உலர்த்தி, மேலிருக்கும் வெள்ளைத் தோலை உரித்து, உப்புப் போட்டு அரை மணி நேரம் வேகவையுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்ட வேண்டியதில்லை, அதோடு சாப்பிடலாம்.