கூரைக்கு மேலே நிற்கும் கடவுள்

2024 ஒக்டோபர் 19, சனி

எங்கள் ஆட்டத்தில் இதுவரை ஒரு நல்ல கடவுள்கூட இல்லை என்பதை இன்று ஒருத்தி எடுத்துச் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். மூன்று ஆண்டுகளாகக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு தோறும், நான் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. அதன் கற்பனை உலகத்துக்கு உவர்நாடு என்று பெயர். ஆறு இல்லாத, சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும், கிணறுகளை நம்பி வாழும் ஒரு தட்டையான தீவு அது. எந்த ஊரைப் பார்த்து அதைச் செய்தேன் என்று இங்கே எவரும் கேட்டதில்லை. அங்கே ஐந்து தெய்வங்கள் இருக்கின்றன. ஒன்று கொள்ளைநோயை அனுப்பும், ஒன்று கடலுக்குள் ஆட்களை இழுக்கும், மற்ற மூன்றும் ஓயாமல் தமக்குள் சண்டையிடும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவபீட மாணவி, தான் ஒரு பூசகியாக ஆட விரும்புவதாகவும் தன் பாத்திரம் காயக்காரரைக் குணப்படுத்த வேண்டும் என்பதால் கருணையுள்ள ஒரு வானக் கடவுள் தனக்குத் தேவை என்றும் கேட்டாள். "ஆனால் அண்ணா, அலுப்படிக்கிற கடவுளாய் இருக்கக்கூடாது" என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தாள். நாங்கள் ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற விளையாட்டு 1974இல் முதன்முதலாக அச்சில் வந்தபோது அதில் இருந்தவை போர்வீரன், மந்திரவாதி, பூசகர் என்ற மூன்று வகைப் பாத்திரங்களே. ஆகவே பூசகருக்குக் கடவுள் தேடும் தொல்லைக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரே வயது.

இரவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வெண்தாடி, பொன்னிற அங்கி, எல்லா உயிர்களிடத்தும் அன்பு. "அடியார்க்கு அருள்பாலிப்பார்" என்ற வரிக்கு வந்தபோது திருவிழாத் துண்டுப்பிரசுரம் வாசிப்பது போலிருந்ததால் கிழித்துவிட்டேன். தீய கடவுளுக்கு ஒரே ஒரு பேராசையைக் கொடுத்தால் போதும், கதை தானாக ஓடும். நல்லவனும் வல்லவனுமாக ஒருவன் மேலே இருந்தால், கீழே இருப்பவர்கள் எதற்காக வாளைத் தூக்க வேண்டும்?

ஒக்டோபர் 27, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டதால் ஆட்டம் நடக்கவில்லை. வாசிப்பதற்கு நாள் கிடைத்தது.

இருக்கு வேதத்தின் தியௌஸ், கிரேக்கரின் சியூஸ், உரோமரின் யூப்பிற்றர் ஆகிய மூன்று பெயர்களும் ஒளிர்தலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர் கண்டது. வியப்பு என்னவென்றால், கிரேக்கத்திலும் உரோமிலும் அரசனாகிவிட்ட அதே வானத் தந்தைக்கு இருக்கு வேதத்தில் தனியாக ஒரு பாடல்கூடக் கிடையாது. வருகிற இடத்திலெல்லாம் பூமியோடு சேர்த்தே பாடப்படுகிறான். தகப்பன் என்ற மரியாதை இருக்கிறது, வேலை இல்லை. வேலையெல்லாம் இந்திரனிடமும் வருணனிடமும் போய்விட்டது.

அசாந்தி மக்களின் கதை இன்னும் பிடித்தது. நியாமே என்ற வானக் கடவுள் முன்பு தலைக்கு மேல் கையெட்டும் தூரத்திலேயே இருந்தானாம். ஒரு கிழவி உரலில் மாவிடிக்கும்போதெல்லாம் உலக்கையின் மேல்முனை அவன்மீது இடித்துக்கொண்டே இருக்க, பொறுக்கமாட்டாமல் அவன் மேலே மேலே விலகிப் போனானாம். அம்மம்மாவின் உரல் இன்னமும் எங்கள் கிணற்றடியில் மழைநீர் நிறைந்து கிடக்கிறது என்பதால் இந்தக் கதை எனக்குக் கண்முன் நடந்தது போலத் தோன்றியது. விலகிப் போன கடவுள் கதைக்கு அழகு, ஆட்டத்துக்கு உதவமாட்டான். பூசகி கூப்பிட்டால் அவன் ஏதாவது செய்தாக வேண்டும்.

கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டவன் வருணன். நட்சத்திரங்களை ஒற்றர்களாக வைத்திருப்பவன். மனிதரின் கண்ணிமைப்பையும் எண்ணி வைத்திருப்பவன். இருவர் தனித்திருந்து இரகசியம் பேசினால் மூன்றாவது ஆளாக அங்கே இருப்பவன் என்று அதர்வ வேதம் அவனைச் சொல்கிறது. அவனே தொல்காப்பியத்துக்கு வரும்போது வானத்தை விட்டு இறங்கி நெய்தல் நிலத்தின் மணலுக்குத் தெய்வமாகிவிடுகிறான். எல்லாவற்றையும் மேலிருந்து காண்பவன் என்ற குணத்தை எடுத்து என் கடவுளுக்குக் கொடுத்தேன். காண்பவன்தானே காக்க முடியும் என்று குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

கந்தசட்டி விரதம் என்பதால் இருவர் தண்ணீருடன் இருந்தார்கள். வாங்கி வைத்த ரோல்ஸ் முழுவதையும் தம்பி தனியாளாகத் தீர்த்தான்.

பெயர் கிடைத்துவிட்டது. எங்கள் குழுவில் கோடரி தூக்கிய காட்டுமிராண்டியாக ஆடுபவர் உண்மையில் ஒரு தமிழாசிரியர். மாயோன் கருமையிலிருந்தும் சேயோன் செம்மையிலிருந்தும் பெயர் பெற்றார்கள் என்றால் வானத்தானை வெளியோன் என்று அழைக்கலாமே என்றார். வெண்மையும் அதில் இருக்கிறது, வெட்டவெளியும் இருக்கிறது, வெளியே நிற்பவன் என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெறும் வெளியும் பொன் வில்வமாலையுமே என்பதை அவர் சொல்ல, எங்கள் காரைநகர்ச் சிவன்கோயிலுக்கு ஈழத்துச் சிதம்பரம் என்ற பெயர் வந்த கதைக்குப் பேச்சு தாவி, அரைமணி நேரம் போய்விட்டது. குறையில்லை.

விதியும் ஒன்று பேசி முடித்தோம். விளையாட்டின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஆட ஆட ஏறும் நிலைகளில் பத்தாவதை எட்டிய பூசகர் தன் கடவுளை நேரடியாகத் துணைக்கு அழைக்கலாம். நூறுவரை எண் தரும் பகடையை உருட்டி, விழுந்த எண் அவருடைய நிலைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் கடவுள் செவிசாய்ப்பார். ஒருமுறை செவிசாய்த்தால் அடுத்த 7 நாட்களுக்குக் கூப்பிட வழியில்லை. அதாவது பத்தாம் நிலைப் பூசகரின் மன்றாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு வீணாகும். கருணைக் கடவுளுக்கு இது அடுக்குமா என்று மாணவி கேட்டாள். நேர்த்திக்கடன் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல என்றார் ஆசிரியர்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்று ஆட்டத்துக்குப் பதிலாக ஒரு பயிற்சி வைத்தேன். ஒவ்வொருவரும் உவர்நாட்டின் ஒரு குடியானவராக நின்று, வெளியோனுக்கு ஒரே நாளில் ஒரு வேண்டுதல் எழுத வேண்டும்.

வந்த வேண்டுதல்கள் என்னைத் திணறடித்தன. நெல் விதைத்தவனுக்கு நாளைக்கே மழை வேண்டும். வெங்காயம் நட்டவனுக்கு வேர் அழுகாதபடி வெயில் வேண்டும். ஒடியல் காயப்போட்டவளுக்கு மூன்று நாள் மேகமே வரக்கூடாது. ஆனையிறவை மனத்தில் வைத்து வங்கி வேலைக்காரர் எழுதிய உப்பளத்தானோ, ஒரு பாட்டம் பெய்தாலே பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும் என்று அழுதான். தம்பியின் திருடன் அமாவாசை இருட்டைக் கேட்டான். ஐவரும் நல்லவர்கள், திருடனும் தன் பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறான். ஐவருக்கும் அன்பு காட்டுகிற வானம் என்று ஒன்று இருக்கவே முடியாது.

ஆகவே மழைக்கணக்கு என்ற விதியைச் சேர்த்தேன். வெளியோனின் மேகம் அளவுக்கு உட்பட்டது. பூசகி ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோர் ஊர் அந்த மழையை இழக்கும். எந்த ஊர் என்பதை நான் மறைவாகப் பகடை உருட்டித் தீர்மானிப்பேன். அவள் அந்த ஊருக்கு என்றாவது போய்ச் சேர்வாள். மாணவி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அலுப்படிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள்.

நவம்பர் 28, வியாழன்

புயல். மூன்றாம் நாளாகத் தொடர்ந்து பெய்கிறது. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்திவிட்டார்கள். கிணறு வாய்க்கட்டுவரை மண்ணிறத்தில் நிற்கிறது. குனிந்து வாளியால் அள்ளலாம். ஒழுங்கைக்குள் முழங்காலளவு வெள்ளம், அயலில் இரண்டு குடும்பங்கள் பொதுமண்டபத்துக்குப் போய்விட்டன. கைபேசியின் வெளிச்சத்தில் வெளியோனின் மறைமொழிகளை எடுத்து, "மழை அவனுடைய அன்பு" என்று தொடங்கும் முதல் வரியை வெட்டினேன்.

டிசெம்பர் 8, ஞாயிறு

பெரியம்மா வந்திருந்தார். நாங்கள் விறாந்தையில் பேசிக்கொண்டிருப்பதைப் புழுக்கொடியல் நறுக்கியபடி கேட்டவர், அந்தக் கடவுள் என்னதான் செய்வார் என்று விசாரித்தார். வானத்திலிருந்து எல்லாரையும் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று மாணவி உற்சாகமாக விளக்கினாள். பெரியம்மாவின் கத்தி நின்றது. "மேலயிருந்து பாக்கிறதெண்டால் நல்லதுக்கோ பிள்ளை?" என்றார்.

அந்தப் பிள்ளை போருக்குப் பிந்திய காலத்தில் வளர்ந்தவள். அவளுக்கு அது ஒரு கேள்வி மட்டும். எனக்கு அப்படியில்லை. எங்கள் வளவின் பின்பக்கம், பலாமரத்தடியில், பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை ஏற்றிய பங்கர் ஒன்று இருந்தது. இரைச்சல் கேட்டதும் பெரியம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அதற்குள் இறங்குவார். குற்றிகளின் இடுக்கு வழியாக ஒரு விரலகல வானம் தெரியும். அதைக்கூட அவர் தன் சேலைத் தலைப்பால் அடைப்பார். துணியால் குண்டு நிற்காது என்பது அவருக்கும் தெரியும். வானம் எங்களைக் காணாமலிருந்தால் போதும் என்பதே அந்த நேரத்து வேண்டுதல். நாங்கள் தப்பியது காணப்பட்டதால் அல்ல.

இரவு பழைய பக்கத்தைத் திறந்து, காண்பவன்தானே காக்க முடியும் என்று ஒக்டோபரில் அடிக்கோடிட்ட வரியைப் பார்த்தேன். அதற்குக் கீழே புதிய விதியை எழுதினேன். வெளியோனால் கூரைக்குக் கீழே பார்க்க முடியும். பார்க்கமாட்டான். முதல் குடிசை வேயப்பட்ட நாளில் அதற்குள் இருந்தவர்களுக்கு அவன் கொடுத்த வாக்கு அது. ஓலையோ ஓடோ கல்லோ, மனிதர் தம் தலைக்கு மேல் எதை வைத்தாலும் அதற்குக் கீழே அவனுடைய கண்ணும் கையும் செல்லா. நிலவறைக்குள் இறங்கும் பூசகியிடம் மருந்தும் விரலும் மட்டுமே மிஞ்சும். நிலவறைகளையே பெயராகக் கொண்ட விளையாட்டில் இப்படியொரு விதியா என்று தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். இந்த இரண்டு மாதத்தில் நான் எழுதியவற்றுள் இந்த ஒன்றைத்தான் இனி வெட்டமாட்டேன்.

கோயிலும் அதிலிருந்தே பிறந்தது. வெளியோனுக்குக் கோபுரம் இல்லை, கருவறையில்லை. பழைய நாற்சார் வீடு போல நான்கு புறமும் தாழ்வாரம், நடுவே திறந்த முற்றம். வழிபடுவோர் தாழ்வாரத்தில் கூரைக்குக் கீழே இருக்கலாம், அவனிடம் பேச விரும்புகிறவர் மட்டும் முற்றத்தில் இறங்கி நிற்கலாம். வானம் வீட்டுக்குள் வருவதற்கு அழைப்புக் கிடைத்த இடம் அந்த முற்றம் ஒன்றுதான்.

டிசெம்பர் 29, ஞாயிறு

வாடைக்காற்று இறுகிவிட்டதால் பின்வளவுப் பையன்கள் பொங்கலுக்கு முன்பே எட்டுமூலைப் பட்டம் ஏற்றிவிட்டார்கள். இரவெல்லாம் அதில் கட்டிய விண் என்ற நார் கூவிக்கொண்டிருந்தது. கடவுளின் சின்னத்துக்காக நான் சூரியன், கழுகு, மின்னல் என்று வரைந்து தள்ளிய தாள்கள் மேசையில் கிடக்க, விடை தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்திருக்கிறது.

காலையில் பையனிடம் போய் அதை இறக்கச் சொல்லிப் பார்த்தேன். மூங்கிலை வில்லாக வளைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய நாரை விறைப்பாகக் கட்டி, பட்டத்தின் தலைப்பக்கத்தில் பூட்டியிருந்தான். நார் சற்றுத் தளர்ந்தால் கூவாது, சற்று இறுகினால் கீச்சிடும் என்று நகத்தால் சுண்டிக் காட்டினான். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சை சரியில்லாவிட்டால் விண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டம் குத்தும் என்பதையும் பெரிய மனிதன் போலச் சொன்னான். வானத்துக்கும் இந்த நாருக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை இத்தனை ஆண்டுகள் கவனிக்காமல் இருந்த என்னை நானே நொந்துகொண்டேன். வெளியோனின் பூசகர் கழுத்தில் ஒரு சிறு விண் தொங்கும். கூரை இல்லாத இடத்தில் காற்றில் அது தானாகக் கூவும். உள்ளே வந்ததும் ஓயும். தன் கடவுள் எங்கே நின்றுவிட்டான் என்பது அவளுக்குக் காதாலேயே தெரிந்துவிடும்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

முதல் ஆட்டம். மாணவியின் பூசகி இரண்டு மணி நேரத்துக்குள் என்னுடைய விதியைக் கொண்டே என்னை மடக்கினாள்.

ஊரின் கிணறுகளில் நஞ்சு கலந்தவன் ஓலைக்குடிசை ஒன்றுக்குள் பதுங்கிவிட்டான். அந்தத் தெருவில் நாற்பது குடிசைகள். எந்தக் குடிசை என்று வெளியோனிடம் கேட்டாள். கூரைக்குக் கீழே அவன் பார்ப்பதில்லை என்றேன். குழந்தைகள் சாகிறார்கள் என்றாள். பார்ப்பதில்லை என்றேன். அவள் உண்மையாகவே கோபப்பட்டாள், குரல் தழுதழுத்தது. உள்ளேயிருந்த பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் ஒளிந்திருப்பவன் அவன் ஒருவன்தானா என்று ஆசிரியர் மெதுவாகக் கேட்டார். இல்லை, போன மாதம் படைக்குத் தப்பி வந்தவர்களையும் அதே தெருவில்தான் நாங்கள் குடியேற்றியிருந்தோம்.

அப்போது தம்பியின் திருடன் சத்தமில்லாமல் முதற் குடிசையின் கூரையில் ஏறி, ஒரே ஓர் ஓலையை உருவினான். பூசகியின் கழுத்திலிருந்த விண் கூவியதா இல்லையா என்று நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓர் ஓலை போன பிறகும் அது கூரைதானா, அந்த ஓலையை உள்ளிருப்பவன் எடுக்காமல் வெளியே நிற்பவன் எடுத்தால் வாக்கு முறிகிறதா என்பதையெல்லாம் நான் எழுதி வைத்திருக்கவில்லை. பகடையைக் கையில் எடுத்தேன், பிறகு மேசையில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறுவரை தவணை கேட்டேன்.